மண் நகராது என்றால், அதைக் காக்க உலக நாடுகள் எதற்குக் கூடுகின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு மதுராந்தகம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். உங்களுக்குச் சென்னையில் வேலை. வருடா வருடம் டிசம்பர் 5 வந்தால் உலக மண் நாள் என்று செய்தி வருகிறது. காற்றும் கடலும் நாடு விட்டு நாடு போகும், அதற்கு ஒப்பந்தம் போடுவது புரிகிறது. மண் கிடந்த இடத்தில்தானே கிடக்கிறது, அதற்கு எதற்கு ஐ.நா.வும் மாநாடும், அதனால் எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், ஒரே நிலத்து மண்ணை இரண்டு இடத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தோம், இரண்டு விதமாக முடிவு வந்தது, யாரை நம்புவது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் முக்கியமான கேள்வி. மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் இருபத்து நான்கு ஆண்டுகள் சென்னையில் மண் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தவன். ஆய்வக மேஜையைப் பற்றிச் சொல்வதெல்லாம் கையால் செய்து தெரிந்தது. ஒப்பந்தங்கள், சட்டங்கள் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்தது. இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மண் நகராது என்பதே முழு உண்மை இல்லை. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் வறண்டுபோன ஏரிப்படுகையிலிருந்து எழும் புழுதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது. அதோடு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் போய்ச் சேர்வதாக 2015-இல் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆனால் நமக்கு இதைவிட நெருக்கமான வழி ஒன்று இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள். பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கே பல இடங்களில் சதுப்பு மண்ணின் நீரை வடித்துவிட்டுத்தான் எண்ணெய்ப் பனைத் தோட்டம் போட்டார்கள். நீர் வடிந்ததும் அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் காற்றோடு கலந்து தீர்கிறது. நம் ரேஷனில் கனடா மஞ்சள் பருப்பும் கொடுத்தார்கள். அது 1930-களின் வறட்சியில் மேல்மண் புழுதியாகப் பறந்துபோன சமவெளியில் விளைவது. உங்கள் அப்பா போடும் டி.ஏ.பி. உரத்துக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையும் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. உலகத்தில் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. பொட்டாஷுக்கு முழுக்க முழுக்க இறக்குமதிதான். அதாவது மதுராந்தகம் வயலில் விளையும் நெல்லில் மூன்று நான்கு நாட்டு மண்ணின் பங்கு இருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் மண் கெட்டால் நம் அடுப்பில் தெரியும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சர்வதேச அளவில் கண்டிப்பாக அமலாகும் மண் விதி ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 1951-இல் கையெழுத்தான தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியில், அநேகமாக எல்லா நாடுகளும் வெளிநாட்டு மண் உள்ளே வருவதைத் தடுக்கின்றன. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி இல்லாமல் மண் கொண்டுவர முடியாது. நம் மீனம்பாக்கத்தில் இருக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இந்த வேலையைத்தான் பார்க்கிறது. ஆசையாக வாங்கி வந்த செடியின் வேரில் ஒட்டிய ஒரு பிடி மண்ணில் நூற்புழு, பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் பயணம் செய்யும். மண் தானாக நடக்காது, சரி. நாம் நடத்திக் கூட்டிவருகிறோம்.

அப்புறம் ஒப்பந்தங்கள். இதில் உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. பருவநிலைக்கும் பல்லுயிருக்கும் இருப்பதுபோல, மண்ணுக்கென்றே எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தனி உடன்படிக்கை கிடையாது. இருப்பதில் பெரியது 1994-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கை. அதன் 14-ஆவது மாநாடு 2019 செப்டம்பரில் டெல்லி அருகே நடந்தபோதுதான், 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேர் சீர்கெட்ட நிலத்தை மீட்போம் என்று இந்தியா தன் இலக்கை உயர்த்தியது, அதற்குமுன் 2.1 கோடி. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1981-இல் உலக மண் சாசனம் வெளியிட்டது, 2015-இல் அதைத் திருத்தியது. அந்த அமைப்பின் கீழ் 2012-இல் உலக மண் கூட்டமைப்பு உருவானது. 2016-இல் மண்ணைக் கெடுக்காமல் பயன்படுத்துவதற்கான தன்னார்வ வழிகாட்டுதல்கள் வந்தன. தன்னார்வ என்ற சொல்லைக் கவனியுங்கள். மீறினால் யாரும் யாரையும் கேட்க முடியாது.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை ஐரோப்பாவில் அரசுகளே கேட்டன. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான மண் சட்டம் ஒன்றை முன்வைத்தது. ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் உள்ளிட்ட சில நாடுகள் எதிர்த்தன. மண் உள்ளூர் விஷயம், அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. எட்டு ஆண்டு இழுத்து 2014-இல் அந்த வரைவைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு 2025-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் பெயரே மண் கண்காணிப்புச் சட்டம். நிலத்தை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது விவசாயிக்கு உத்தரவு போடவில்லை. எல்லா நாடுகளும் ஒப்பிடக்கூடிய விதத்தில் மண்ணை அளந்து சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் மையம். இருபது ஆண்டு சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போக முடிந்த இடம் அளவுகோல்தான் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. ஏன் என்று சொல்ல, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் மஞ்சப்பை, அதற்குள் இரண்டு காகிதம். ஒரே வயல், ஒரே நாள் எடுத்த மண். ஒரு காகிதத்தில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய இலைதழையிலிருந்து மண்ணில் சேர்ந்த கரிமம், 0.42 சதவீதம், பக்கத்தில் "குறைவு". இன்னொன்றில் 0.56, "மிதமானது". நம் நாட்டில் 0.5-க்குக் கீழே என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை மிதம், அதற்கு மேல் அதிகம் என்று வைத்திருக்கிறோம். தழைச்சத்து எவ்வளவு போடலாம் என்ற பரிந்துரை பல இடங்களில் இந்த எண்ணை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. ஆக ஒரு காகிதம் அவரைக் கூடுதலாக யூரியா வாங்கச் சொன்னது, இன்னொன்று வேண்டாம் என்றது. "தம்பி, இதுல எவன் என்னை ஏமாத்துறான்னு சொல்லு" என்றார்.

அவர் மண்ணை நானே செய்து பார்த்தேன். நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்த மண்ணில் ஒரு கிராம். குடுவையில் 10 மில்லி பொட்டாசியம் டைகுரோமேட், ஆரஞ்சு நிறம். அதன்மேல் 20 மில்லி அடர் கந்தக அமிலம் விட்டதும் குடுவை கை வைக்க முடியாத சூடாகும். அந்தச் சூட்டில்தான் மண்ணில் உள்ள கரிமம் எரிகிறது. அரை மணி நேரம் அப்படியே விட்டு, தண்ணீர் ஊற்றி, பாஸ்பாரிக் அமிலமும் நிறம்காட்டியும் சேர்த்தால் கருநீலமாக நிற்கும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மங்கி, கலங்கி, ஒரே ஒரு சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். 1934-இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் கொடுத்த முறை இது. சிக்கல் என்னவென்றால், அமிலத்தின் சூடு மண்ணில் இருக்கும் கரிமம் முழுவதையும் எரிக்காது. சராசரியாக 77 சதவீதம்தான் எரியும். மீதியை ஈடுகட்ட, வரும் எண்ணைச் சில ஆய்வகங்கள் 1.3-ஆல் பெருக்கும், சில 1.33-ஆல், சில பெருக்காமலே கொடுக்கும். எனக்கு வந்த எண் 0.42. அதை 1.33-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.56 வரும். யாரும் அவரை ஏமாற்றவில்லை. இரண்டு ஆய்வகமும் சரியாகத்தான் செய்திருந்தன. பெருக்கினோமா இல்லையா என்பதை இரண்டு பேருமே காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு மனிதர் பேருந்து ஏறிச் சென்னை வரை வந்தார்.

இதையே உலக அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். பாஸ்பரஸை நாம் பெரும்பாலும் ஓல்சன் என்ற முறையில் பார்க்கிறோம். அமில மண்ணுக்கு பிரே என்ற முறை. மண்ணிலிருந்து பாஸ்பரஸைக் கரைத்தெடுக்கும் கரைசல் இரண்டிலும் வேறு வேறு. இரண்டும் தரும் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. மண் மாதிரியை ஒரு நாடு 15 செ.மீ. ஆழத்தில் எடுக்கும், இன்னொன்று 30 செ.மீ. ஆழத்தில். இப்படி வந்த எண்களைக் கூட்டித்தான் மாநாட்டு மேடையில் "உலக மண் இப்படி இருக்கிறது" என்கிறோம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் உலக மண் கூட்டமைப்பு 2017-இல் உலக மண் ஆய்வக வலையமைப்பைத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. அவர்கள் முதலில் கையிலெடுத்த முறைகளில் இந்த வாக்லி பிளாக் முறையும் ஒன்று. எத்தனை கிராம், எந்தச் சல்லடை, எவ்வளவு நேரம், கணக்கு எப்படி என்று வரி வரியாக எழுதி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். செய்தித்தாளில் இதற்கு ஒரு பத்தி கூடக் கிடைக்காது. இந்தத் துறையில் நாடுகள் சேர்ந்து செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆய்வகங்களுக்குள் ஒப்பீட்டுச் சோதனை என்று ஒன்று நடத்துவார்கள். ஒரே மண்ணை நன்றாகக் கலந்து, பொட்டலம் போட்டு, எண் மட்டும் எழுதி எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்புவார்கள். விடை யாருக்கும் தெரியாது. நாங்கள் அப்படி ஒரு சோதனையில் கலந்துகொண்ட வருடம் எங்கள் பாஸ்பரஸ் எண் மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. கரைசல், வடிதாள், கருவி என்று இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் காரணம் அறையின் வெப்பம். ஓல்சன் முறையில் சூடு ஏறினால் மண்ணிலிருந்து பாஸ்பரஸ் கூடுதலாகக் கரையும். அது மே மாதம், ஏ.சி. பழுதாகி, குலுக்கும் எந்திரம் இருந்த அறை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய கோடைகளில் நாங்கள் கொடுத்த முடிவுகளை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு பொட்டலம் மண் வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையும் சொல்கிறேன். மண்ணின் மேல் ஒரு மீட்டரில் இருக்கும் கரிமம், வளிமண்டலத்தில் இருப்பதைவிட அதிகம் என்பது உறுதி. 2017-இல் நாடுகள் தத்தம் தரவுகளைக் கொடுத்துச் சேர்ந்து வரைந்த உலகக் கரிம வரைபடம், மேல் 30 செ.மீ. மண்ணில் மட்டும் சுமார் 68,000 கோடி டன் என்கிறது. அதன் துல்லியம் நாட்டுக்கு நாடு மாறும். உலக மண்ணில் மூன்றில் ஒரு பங்கு சீர்கெட்டுவிட்டது என்று அடிக்கடி கேட்பீர்கள். அது 2015-ஆம் ஆண்டின் உலக மண் வள அறிக்கையோடு வந்த எண். அதில் நிபுணர்களின் மதிப்பீடும் கலந்திருக்கிறது. எல்லா இடத்திலும் மண்வெட்டி போட்டு அளந்தது இல்லை. திசை சரி, தசமப் புள்ளிக்குச் சண்டை போடக்கூடாது. இந்திய நிலப்பரப்பில் சுமார் 30 சதவீதம் சீர்கேட்டுக்கு உள்ளானது என்று இஸ்ரோவின் வரைபடம் சொல்கிறது. செயற்கைக்கோள் அரிப்பையும் உவரையும் பயிர்ப் போர்வையையும் பார்க்கும். நான் குடுவையில் பார்த்ததை அதனால் அப்படிப் பார்க்க முடியாது. "இன்னும் 60 அறுவடைதான் பாக்கி" என்று சுற்றும் செய்தியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். அதற்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. மண்மீது அக்கறை உள்ளவர்களே அதைப் பரப்புவதுதான் எனக்கு வருத்தம்.

2015-இல் பாரிஸ் மாநாட்டில் பிரான்ஸ் தொடங்கிய "ஆயிரத்துக்கு நான்கு" முயற்சி எனக்குச் சந்தேகமான இடம். மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு 0.4 சதவீதம் கூட்டினால் பருவநிலைக்குப் பெரிய உதவி என்பது அதன் கணக்கு. குளிர்நாட்டில் இது முடியலாம். நம் செங்கல்பட்டு வெயிலில் தொழுவுரம் போட்டால் அடுத்த பருவத்துக்குள் பெரும்பகுதி மக்கிக் கரைந்துவிடுகிறது; கூடுவது மெதுவாக, குறைவது வேகமாக. விஞ்ஞானிகளுக்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. கரிமத்தைக் கூட்டப் பாடுபட வேண்டும், அது பயிருக்கும் நீர்ப்பிடிப்புக்கும் நல்லது. ஆனால் சேர்த்த கரிமத்துக்கு டன் கணக்கில் காசு வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம், எந்த முறையில் அளப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்தக் கூட்டுறவால் ஆகாத காரியமும் இருக்கிறது. சென்னையைச் சுற்றி நல்ல மேல்மண் செங்கல் சூளைக்கும் மனைப் பிரிவுக்கும் டிப்பர் லாரியில் போகிறது. ஓர் அடி மேல்மண் போன வயலில் திரும்ப விளைச்சலைக் கொண்டுவர ஒரு தலைமுறை உழைக்க வேண்டும். அந்த லாரியை எந்தச் சர்வதேச வழிகாட்டுதலும் நிறுத்தாது. வட்டாட்சியர் அலுவலகமும் ஊர்க்காரர்களும்தான் நிறுத்த முடியும். கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவை 2003-இல் கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப வைக்க முடிந்தது. ஆனால் மண்ணில் கலந்துவிட்ட பாதரசத்தை எந்த அளவுக்குக் குறைத்தால் சுத்தம் என்பதில் பல ஆண்டு இழுபறி. எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதற்கு நாடுகளுக்குள் பொதுவான எண் இல்லாதபோது, பாதிக்கப்பட்ட ஊர்தான் நின்று வாதாட வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் ஒன்றரை ஏக்கர். மண்வள அட்டை 2015 முதல் நாடு முழுக்கக் கொடுக்கிறார்கள், அதில் 12 விவரம் இருக்கும். ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில் எடுத்தால், அது உங்கள் வயல் மண்ணாகவே இல்லாமல் போகலாம். அறுவடை முடிந்து உரம் போடும் முன் நீங்களே எடுங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடத்தில் மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்துபோல 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழிச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் செதுக்கி எடுத்துச் சேர்த்துக் கலக்க வேண்டும். பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியைக் கலக்க வேண்டும். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. உரச் சாக்கில் மட்டும் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். கரிமம் குறைவு என்று வந்தால் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழச் சொல்லுங்கள். தமிழக அரசு 2024-இல் தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறார்கள், வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள். ஏரி வண்டலுக்கும் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கலாம்.

மண்ணைக் கொடுக்கும்போது ஆய்வகத்தில் மூன்று விஷயம் கேட்டு, அவர்கள் கையாலேயே காகிதத்தில் எழுதி வாங்குங்கள்: கரிமம் எந்த முறை, எண்ணைப் பெருக்கினீர்களா, பாஸ்பரஸ் ஓல்சனா பிரேயா. இப்போது உங்களிடம் இருக்கும் இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பாருங்கள். கரிமத்தில் 1.3-க்குப் பக்கமாக வந்தால் இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வராவிட்டால் எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.